முத்திரை தெளிவாய் விழும் ஊர்

நாலாவது ஆல்பத்தையும் மூடிவிட்டார் குழந்தைவேலு. அதிலும் இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் தேடினார். தன் கையால் அழித்ததைத் தானே உட்கார்ந்து தேடுவது கிறுக்குத்தனம்தான், ஆனாலும் ஒன்றாவது கண் தப்பிக் கிடக்காதா என்று ஒரு நப்பாசை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மேஜையைத் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர். விசிறி சுழன்றால் கவர்கள் பறக்கும். சுழலாவிட்டால் இவருக்கு வியர்க்கும், ஒரு சொட்டு கவரில் விழுந்தால் அந்தக் கவர் அவ்வளவுதான், அதற்காகக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. எழுபது வயதில் ஒரு மனுஷன் கோயமுத்தூர் சித்திரை வெயிலில் விசிறியை நிறுத்திவிட்டுத் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரானாலும் டாக்டரைக் கூப்பிடுவார்கள். அக்கா காப்பி நேரத்துக்கு வந்துவிடுவாள். வந்து, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விடுவாள். பூனாவில் மகன் பூபதி வீட்டோடு இருக்கப்போகிறாள். ஊர் வீட்டை விற்றாயிற்று, இனி இந்தப் பக்கம் வருவதென்றால் நல்லது கெட்டதுக்குத்தான், அதுவும் உடம்பு விட்டால். போகிறவள் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. போன வாரம் போனில் கேட்டாள். "கண்ணு, அந்தக் காலத்துல ரஷ்யாக் கவரெல்லாம் என்ற பேருக்கு வர வெப்பியே, அதுல ஒண்ணு எனக்குக் குடு. என்ற பேரு போட்டதாப் பாத்துக் குடு. அங்க கொண்டுட்டுப் போறேன்." இவர் பெரிய வள்ளல் மாதிரி, "அதுக்கென்னங்க்கா, ஒண்ணு என்ன, நாலு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வந்ததெல்லாம் அவள் பெயருக்கு வந்தவை. இருப்பதில் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை.

கவர் சேர்க்காதவர்களுக்கு இது விளங்காது. தபால்தலை சேர்க்கிறவனையே ஒரு மாதிரியாகப் பார்க்கிற உலகம், தலையைக் கிழித்து எடுக்காமல் கவரை முழுசாக வைத்துக் கும்பிடுகிறவனை எப்படிப் பார்க்கும். ஒரு கொண்டாட்டம் என்றால் அதற்கென்று படம் அச்சடித்த கவர், அதற்கென்று ஒரு தபால்தலை, அன்றைக்கு ஒருநாள் மட்டும் குத்துகிற தனி முத்திரை, மூன்றும் சேர்ந்தால்தான் உருப்படி. குழந்தைவேலு சேர்ப்பது மனிதன் விண்வெளிக்குப் போன ஆரம்ப காலத்தைக் கொண்டாடும் கவர்களை மட்டும். நாய் போனது, குரங்கு போனதெல்லாம் அவருக்கு ஆகாது, மனுஷன் போயிருக்க வேண்டும். ககாரின் போன ஏப்ரல் பன்னிரண்டை ரஷ்யாக்காரர்கள் வருஷா வருஷம் கொண்டாடுவார்கள், கவர் போடுவார்கள். இதில் ஒரு சங்கடம். கவர் நிஜமாகவே தபாலில் பயணம் செய்திருக்க வேண்டும், பின்பக்கம் வந்து சேர்ந்த ஊரின் முத்திரையும் இருக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு உயிர். ஆனால் முன்பக்கம் விலாசம் எழுதிக் கிறுக்கியிருந்தால் பார்க்க நன்றாயிராது, வெறுமையாக இருக்கிற கவருக்குத்தான் மவுசு. விலாசம் இல்லாமல் தபால் எப்படி வரும். அதற்குக் கவர்காரர்கள் கண்டுபிடித்த வழி பென்சில். பட்டும் படாமலும் பென்சிலில் விலாசம் எழுதுவது, வந்து சேர்ந்ததும் அழித்துவிடுவது. அழிப்பதற்கும் கை வேண்டும். கெட்டி ரப்பர் காகிதத்தைச் சிராய்க்கும். மெத்து ரப்பராக எடுத்து, ஒரே திசையில், மூச்சை அடக்கி, நாலு இழுப்பு, பிறகு சவரத் தூரிகையால் தூசியைத் தட்டிவிட வேண்டும். நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர், இழையில் ஒரு முடிச்சு இருந்தால் கண்ணில் பட்டுவிடும், அந்தக் கண்ணும் கையும் இதற்கு உதவின. குழந்தைவேலு அழித்தால் அழித்த இடம் தெரியாது என்று கவர் சேர்ப்பவர்களின் சங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டு எத்தனை தடவை உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கிறார். இன்றைக்கு நினைத்தால் அது பாராட்டா என்றே சந்தேகமாக இருந்தது.

அழித்ததுகூடப் பெரிதில்லை. அழித்துவிட்டேன் அக்கா, அதுதான் எங்கள் வழக்கம், என்று சொன்னால் அவள் புரிந்துகொள்வாள், அவளுக்குப் புரியாதது என்ன இருக்கிறது. தொண்டையில் நிற்பது வேறு. போனில் அவள் அத்தோடு விடவில்லை. "எங்க மாமியா வீட்ல என்னைய ஆரு பேரு சொல்லிக் கூப்புட்டா. ஒண்ணு அம்மிணி, இல்லீனா ஏ புள்ள. அந்தத் தபால்காரர்தான் வாசல்ல சைக்கிள நிறுத்திப்போட்டு, துளசிமணின்னு முழுப் பேரையுஞ் சொல்லுவாரு. வீட்டுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகைகூட எங்க மாமனார் பேருக்குத்தான் வரும். நீ ஒருத்தன்தான் அவிய பேர்கூடப் போடாம என்ற பேர மட்டும் போட்டே. எனக்குன்னு நெனச்சுத்தானே போட்டே கண்ணு?" இவர், "ஆமாங்க்கா" என்றார். ஆமாங்க்கா. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட இல்லை. ஒரு வாரமாக அந்த ஆமாங்க்கா பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி கிடக்கிறது, நாக்கு அங்கேதான் போய்ப் போய் நிற்கிறது. ஏனென்றால் விஷயம் அப்படி இல்லை. அக்காவின் ஊரான செங்கோடம்பாளையத்து விலாசத்தை இவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அந்த ஊர் தபால் ஆபீசில் முத்திரை தெளிவாக விழும். பொள்ளாச்சிப் பக்கம் சின்ன ஊர், நாளைக்குப் பத்துக் கடிதம் வந்தால் அதிகம், அங்கிருந்த போஸ்ட்மாஸ்டர் நிதானஸ்தர். மையை அளவாகத் தொட்டு, நிமிர்ந்து நின்று, ஒரே குத்து. வட்டம் வட்டமாகவே விழும், தேதி எழுத்துக்கு எழுத்து படிக்கலாம். டவுனில் என்றால் அவசரத்தில் இழுத்து அப்பிவிடுவார்கள். அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுதிய கார்டு வந்தபோது வீட்டில் எல்லாரும் அதில் எழுதியிருந்ததைப் படித்துச் சந்தோஷப்பட, பதினேழு வயசுக் குழந்தைவேலு மட்டும் அதைத் திருப்பி முத்திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். அக்கா நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுகிறாள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

அக்காவின் மாமனார் பெயரை விட்டதற்கும் காரணம் இருக்கிறது. அழிக்க வேண்டிய எழுத்து குறையும். அவ்வளவுதான். துளசிமணி, செங்கோடம்பாளையம், தாலுகா, இந்தியா. அதற்குமேல் எழுதினால் காகிதத்துக்கு வீண் தொந்தரவு. இதைப் போய் அவள் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஐம்பது வருஷமாக அதை மனசில் வைத்து, வீட்டை விற்று, சாமான்களையெல்லாம் பங்காளிகளுக்குக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் கேட்கிறாள். குழந்தைவேலு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். செம்பை வைக்கும்போது வலது கை லேசாக நடுங்கிற்று, கொஞ்ச நாளாகவே இருக்கிறது, மனைவி வசந்தாமணிக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். வித்தாலி என்று ஒரு பேனா நண்பன். ரஷ்யப் பத்திரிகையில் விலாசம் பார்த்துப் பிடித்தது. இவர் பென்சிலில் விலாசம் எழுதிய கவர்களைக் கட்டாக அவனுக்கு அனுப்பிவைப்பார், அவன் அந்தந்த நாளில் தலை ஒட்டி, தனி முத்திரை வாங்கி, பெட்டியில் போடுவான். அது கடல் தாண்டி, பம்பாய் தாண்டி, பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி, அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். முதல் கவர் வந்தது எழுபத்தொன்றில், ககாரின் பறந்து பத்து வருஷம் ஆன கொண்டாட்டம். அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வந்துவிட்டது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். இவன் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினான். சேலை முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து, ஈரம் போய்விட்டதா என்று பார்த்து, டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருந்த கவரை எடுத்துக்கொடுத்தாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது. நினைவில் இல்லை. கவரின் நாலு மூலையும் நினைவில் இருக்கிறது. அந்தக் கவரில் நீலமும் சிவப்புமாக ராக்கெட், புகை வளைந்து போகும் விதம், ஒட்டிய தலையில் இருந்த சின்ன நட்சத்திரம், எல்லாம் இருக்கிறது. எதிரே நின்றவளின் முகம் இல்லை.

"ஏனுங்க, இன்னும் அந்தக் காயிதத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களா," என்று வசந்தாமணி உள்ளேயிருந்து வந்தாள். "அக்கா வர்ற நேரமாச்சு. மேசைய ஒழிச்சுக் குடுங்க, பலகாரம் வெக்கோணும்." சித்தெ இரு என்றார். அவள் போகவில்லை, துண்டு போர்த்திய கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மொட்டையடிக்க உக்காந்தவராட்டம் இருக்கீங்க." இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏம் வசந்தாமணி, அக்காளுக்கு இந்தக் கவரு எதுக்கு? உள்ள ஒரு எழுத்தும் இல்ல, வெறும் கவரு" என்று கேட்டார். அவள் பருப்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "பேரு இருக்குதல்ல. எனக்கு இத்தன வருசத்துல என்ற பேரப் போட்டு ஒரு கடுதாசி வந்திருக்குதா சொல்லுங்க. பேங்குல என்ற கணக்குக்கு வர்ற காயிதத்துலகூட உங்க பேரும் சேந்துதான் வருது." குற்றம் சொல்லும் குரல் இல்லை, வெந்தயம் தீர்ந்துபோயிற்று என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க, நல்லதாப் பாத்துக் குடுங்க" என்று போய்விட்டாள். இவளிடம் பேர் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், அதுக்கென்ன, இப்ப எழுதிக் குடுங்க என்பாள். அவளுக்கு அது அவ்வளவு சுலபம். இவருக்கு அது கள்ளத்தனம். பழைய கவரில் பிற்பாடு சேர்த்தது எதுவானாலும் கள்ளம்தான் என்று சங்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே இவர்தான். ஒரு தடவை கண்காட்சியில் நடுவராக உட்கார்ந்து, பழைய கவரில் புது மை வைத்துக் குத்திய முத்திரையைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் அந்தக் கவர் இருந்த பக்கத்தை உருவி வெளியே வைத்தவர். அந்த மனுஷன் அதற்குப்பிறகு சங்கத்துக்கே வரவில்லை.

சரி, கள்ளமானாலும் ஆகட்டும், எந்தக் கவரில் எழுதுவது. மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்தது, அதன் புத்தி அப்படி. எண்பத்தொன்றாம் வருஷத்துக் கவர், இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டம், அது இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றில் மூலை கொஞ்சம் மழுங்கல். அதைக் கொடுக்கலாம். அவளுக்கு மூலை தெரியவா போகிறது. இன்னொன்று, முதன்முதலில் ஒரு பெண் விண்வெளிக்குப் போனதைக் கொண்டாடிய கவர், தலை கொஞ்சம் கோணலாக ஒட்டியது, அதுவும் தேவலை, பெண்ணுக்குப் பெண் பொருத்தமாகவும் இருக்கும். இப்படிப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன்மேல் அருவருப்பாக வந்தது. பழைய சேலையை வேலைக்காரிக்குக் கழித்துக்கொடுக்கிற கணக்கு இது. குழந்தைவேலு ஆல்பத்தை மறுபடி திறந்தார். ஒரு கவரை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். சாய்வான வெளிச்சத்தில் காகிதத்தின் மேடுபள்ளம் தெரியும், கள்ளக் கவரைப் பிடிக்கிற வித்தையும் அதுதான். பென்சில் ஈயம் போய்விட்டாலும் அழுத்திய தடம் போகாது. ஒன்றும் தெரியவில்லை. இவர் கை அவ்வளவு லேசு. இன்னொன்று. அதிலும் இல்லை. இன்னொன்றில் என்னவோ ஒரு வளைவு தெரிந்தது, அது எழுத்தா, காகித நார்தானா என்று சொல்லமுடியவில்லை. எத்தனை வருஷம், எத்தனை கவர், பதினேழு வயசிலிருந்து நாற்பது வயசுவரை, அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதி எழுதித் தன் கையாலேயே அழித்திருக்கிறார். அவளைப் பிடிக்காத ஒருத்தன் இதைச் செய்திருந்தால் அது வேறு.

ஒரே ஒரு தடவை அவள் கவரைப் பிரித்துவிட்டாள். அது எந்த வருஷம், எழுபத்துமூன்றோ நாலோ. உள்ளே கவர் வளையாமல் இருக்க ஒரு வெற்று அட்டை வைப்பது வழக்கம். உள்ளே என்னவோ கெட்டியாக இருக்கிறதே, தம்பி ஏதோ எழுதியிருக்கிறான் என்று பிரித்திருக்கிறாள். மேல்மடிப்பு கிழிந்துவிட்டது. இவன் போய் அதைப் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "ஒண்ணும் எழுதக் காணமே கண்ணு, வெறும் அட்டைதான் இருந்துச்சு" என்றாள். "அதுல ஆரும் எழுத மாட்டாங்க்கா, தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்றான். அவள் சரி என்றாள். அன்றைக்கு அவள் இடது கையில் வெள்ளைத் துணிக் கட்டு. இங்கே வந்ததும் குழந்தைவேலுவின் மனசு எப்போதும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடும், வித்தாலியின் கையெழுத்து, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்ட முறுக்கு, எதையாவது பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் திரும்பப் பார்த்தது. விசிறி இல்லாத கூடத்தில் திரும்ப இடமில்லை. வெள்ளைத் துணி. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. துணியில் மஞ்சளாக மருந்து ஊறியிருந்தது. சமையல்கட்டில் பட்டதா, யாராவது பட வைத்தார்களா, கேட்கவில்லை. மாமியார் அந்தப்பக்கம் நின்று இருமிக்கொண்டிருந்தாள். அக்கா வலது கையால் கவரை நீட்டினாள். இவன் கேட்டது ஒன்றுதான். "மருந்து இதுல படலையே?" படல கண்ணு, என்றாள். நான் இந்தக் கையாலதான் வாங்கினேன், இந்தக் கையாலதான் எடுத்து வெச்சேன். இவன் அதைக் கேட்டுக்கொண்டு, கிழிந்த மடிப்பைத் திட்டிக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். வீட்டில் அம்மா கேட்டபோது நல்லா இருக்குதம்மா என்று சொன்னான். அதற்கப்புறம் அவள் எந்தக் கவரையும் பிரிக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும். உங்களை நினைத்துப் போடவில்லை, முத்திரைக்காகப் போட்டேன். சொன்னால் என்ன ஆகும். பிளேன் ஏறப்போகிறவள், எழுபத்துமூன்று வயசு, முழங்கால் வலி, மொழி தெரியாத ஊர், மகன் காலையில் போனால் ராத்திரிதான் வருவான், மருமகள் பாஷை வேறு. அங்கே நாலு சுவருக்குள் உட்கார்ந்து எடுத்துப் பார்க்க அவளிடம் இருக்கிற ஒன்றை, வாசலில் வைத்துப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவதா. என் மனசு லேசாக வேண்டும் என்பதற்காக அவள் தலையில் ஏற்றுவதா. சொல்லாமல் இருப்பதுதான் தர்மம். அப்படியா. இல்லை, சொல்லாமல் இருப்பது சௌகரியம். தர்மமும் சௌகரியமும் ஒன்றாகவே வந்து நிற்கும்போது குழந்தைவேலுவுக்குச் சந்தேகம் வந்துவிடும். மில்லில் அப்படித்தான், நூல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் அந்த அறிக்கையைத்தான் முதலில் சோதிப்பார். சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து நின்றது. சொல்லலாம். சொல்லக்கூடாது. ஆமாங்க்கா. தெருவில் ஒரு கார் நின்ற சத்தம் கேட்டது, எழுந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்கு வந்த கார்.

அந்தக் கார் பயம்தான் கடைசியில் கையை நகர்த்திற்று. அலமாரியின் மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் கவர்கள் பொருத்திய பதினாறு பக்கம், வருகிற வாரம் நடக்கும் கண்காட்சிக்காக மூன்று வருஷமாகத் தயார் செய்தது. நடுப்பக்கத்தில் இருப்பது அந்த முதல் கவர், எழுபத்தொன்றாம் வருஷத்தது. அந்தக் கவர் இருப்பதால்தான் மற்றப் பதினைந்துக்கும் மதிப்பு. நடுவர்கள் அங்கே வந்ததும் குனிவார்கள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள், அதை இவர் மனசுக்குள் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. தங்கப் பதக்கம் என்று சங்கத்தில் இப்போதே பேச்சு. கவரை மூலைப் பிடிகளிலிருந்து கழற்றினார். பக்கத்தில் இப்போது நாலு மூலைப் பிடி மட்டும் இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பதினேழு வயசில் கை பழகவில்லை, அழுத்தித்தான் எழுதியிருக்கிறான். தெரிந்தது. ஆங்கிலத்தில், சாய்வாக, பெயரும் ஊரும், ஈயம் இல்லாமல் பள்ளம் மட்டும். பென்சிலைத் தேடினார். பென்சில் மேஜையிலேயே இருந்தது. பள்ளத்தின் மேலேயே இழுத்தால் போதும், அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் இருக்காது, எந்த நடுவரும் கண்டுபிடிக்க முடியாது. அக்காவும் கண்டுபிடிக்க மாட்டாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். ஓரக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தார், மை திட்டாக விழவில்லை. பிறகு தமிழில், பெரிய எழுத்தாக, கவரின் நடுவில், துளசிமணி என்று எழுதினார். கை நடுங்கியதில் 'ம'வின் வளைவு கோணிவிட்டது. இன்றைக்கு எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். ஐம்பது வருஷம் காப்பாற்றிய கவர் ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. விசிறியைப் போட்டார்.

அக்கா பூபதியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தாள். "மாமா, கொஞ்ச நேரந்தானுங்க, செக்-இன் பண்ணோணும்" என்று பூபதி நின்றபடியே சொன்னான். வசந்தாமணி காப்பியும் இனிப்பாக ஒப்பிட்டும் கொண்டுவந்து வைத்தாள். அக்கா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள், கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், ஒப்பிட்டில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்கவே மாட்டாள் போலிருந்தது. குழந்தைவேலு கவரை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள்.

"தமிழ்ல எழுதியிருக்கே."

"ஆமாங்க்கா."

"அப்பெல்லாம் இங்கிலீசுலதானே போடுவே."

"அதையெல்லாம் அழிச்சுப்போட்டேங்க்கா. எங்கள்ல அப்படித்தான், பென்சில்ல எழுதி அழிச்சுருவோம். ஒண்ணுகூட மிச்சமில்ல. இது இப்பத்தான் எழுதினேன்." கழுத்தில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். "இன்னொண்ணும் சொல்லோணும். போன்ல நீங்க கேட்டதுக்கு நான் ஆமான்னு சொன்னது பொய்யிங்க்கா. உங்க ஊர்ல முத்திரை நல்லா விழும், அதுக்குத்தான் அந்த வெலாசம் போட்டேன். உங்க மாமனார் பேரப் போடாததும் அழிக்கறதுக்குச் சொகுசுன்னுதான். உங்கள நெனச்சுப் போடல."

பூபதி போனிலிருந்து தலையைத் தூக்கினான். அக்கா கவரை மடியில் வைத்தாள். காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள், சூடு போதவில்லை போல, இன்னொரு வாயில் குடித்து முடித்தாள்.

"எதுக்குப் போட்டா என்ன கண்ணு," என்றாள். "வந்துச்சல்ல."

பூபதி பையைத் தூக்கினான். அக்கா எழுந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். சின்னப் பை, உள்ளே மாத்திரையும் விமானச் சீட்டும் மூக்குக்கண்ணாடிக் கூடும். கவரை இரண்டாக மடித்தாள். மடிப்பு சரியாக ராக்கெட்டின் நடுவில் விழுந்தது. குழந்தைவேலுவின் கை தானாக எழுந்தது. மடித்த கவர் உள்ளே போகவில்லை, ஒரு விரல் அளவு வெளியே துருத்திக்கொண்டு ஜிப் மூடாமல் நின்றது. அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கி, இன்னொரு மடிப்பு மடித்து, நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். இப்போது உள்ளே போயிற்று.